குழாய் எட்டாத ஊர்களின் புகை
கரியும் காற்றும் – 9

சென்ற வாரம் புகைபோக்கியோடு நிறுத்தியிருந்தோம். அமீன் கரைசல் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் எப்படி உறிஞ்சிக்கொள்கிறது, அந்தக் கரைசலைச் சூடாக்கினால் வாயு எப்படித் தனியே பிரிகிறது என்று பார்த்தாயிற்று. பிரித்த வாயுவை எங்கே கொண்டுபோவது, எதில் கொண்டுபோவது என்பது இந்த வாரப் பேச்சு.

ஒரு டன் கரியமில வாயு நம் ஊர் வெப்பத்தில் சுமார் 560 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எட்டு மீட்டர் நீள, அகல, உயரம் உள்ள அறை கட்டினாலும் கொள்ளாது. நாளொன்றுக்கு 30 டன் கல்லைச் சுடும் ஒரு சுண்ணாம்புக் காளவாசல் கல்லிலிருந்து மட்டுமே 13 டன் வாயுவை வெளியேற்றுகிறது. விறகோ கரியோ எரிந்து வருவது தனிக் கணக்கு.

கிருஷ்ணன்கோவிலை இந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டேன். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று வடக்கே, வத்திராயிருப்புச் சாலை பிரிகிற இடம். கலசலிங்கம் பல்கலைக்கழகத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் எத்தனை வகைப் புகை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை வெளுக்கும் பாய்லர்கள். செங்கல் சூளைகள். விருதுநகர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாசல்கள். ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை. விருதுநகருக்குத் தெற்கே ஆர்.ஆர். நகரில் ராம்கோவின் முதல் சிமெண்ட் ஆலை. ராஜபாளையத்தில் 1936இல் நூற்பாலை தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. இவற்றில் சிமெண்ட் ஆலைகளை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் சிறியவை, சிதறிக் கிடப்பவை. கார்பன் சேமிப்பு பற்றிய உலக மாநாடுகளில் காட்டப்படும் வரைபடங்களில் இவை இருக்காது. கடலோரத்து அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும்தான் அந்தப் படங்களில் புள்ளியாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நடப்பது பெரும்பாலும் கிருஷ்ணன்கோவிலைச் சுற்றி நடப்பதைப்போலத்தான். இந்த ஊர்களுக்கு ஒரு வழி தெரியாமல் நாம் கரிக் கணக்கை முடிக்க முடியாது.

பிடித்ததை இங்கேயே புதைத்துவிட முடியுமா? முடியாது. கிருஷ்ணன்கோவிலுக்கு மேற்கே நிற்கும் மலையும், கிழக்கே வயலுக்கு அடியில் இருக்கும் பாறையும் சார்னோகைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, உருகி அழுந்தி இறுகிய கல். வாயுவைப் புதைக்க வேண்டுமானால் மணற்பாறையைப்போல நுண்துளைகள் நிறைந்த அடுக்கு வேண்டும், அதன் மேல் வாயு கசியாத களிமண் பாறை மூடியாக இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது 800 மீட்டர் ஆழத்தில். இந்தப் பக்கம் போர் போட்ட எவருக்கும் இங்குள்ள கல்லின் குணம் தெரியும். விரிசலில் ஊற்றுக்கண் அகப்பட்டால் தண்ணீர். இல்லாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் புகைமண்தான். தண்ணீருக்கே இடம் தராத கல் வாயுவுக்கு இடம் தராது. ஆகவே இங்கே பிடிப்பது பயணம் போயே ஆக வேண்டும்.

பயணத்துக்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் புகையையும் பிடிக்கத் தேவையில்லை. பாய்லரில் வருகிற கரியமில வாயு எரிபொருளிலிருந்து வருகிறது. எரிபொருளை மாற்றினால், வெந்நீரைச் சூரிய வெப்பத்திலோ மின்சாரத்திலோ காய்ச்சினால், அது வராது. அந்தப் பாய்லருக்குப் பிடிப்புக் கோபுரமும் லாரியும் கேட்பது பணத்தை வீணடிப்பது. காளவாசலும் சிமெண்ட் சூளையும் வேறு. சுண்ணாம்புக் கல்லின் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயு. சூரிய ஒளியால் சுட்டாலும், மின்சாரத்தால் சுட்டாலும், நூறு கிலோ கல்லிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ வாயுவும்தான் கிடைக்கும். பந்தல்குடிச் சுரங்கத்திலிருந்து ஆர்.ஆர். நகருக்குப் போகும் கல் லாரிகளின் சுமையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வானத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எரிபொருளை எத்தனை முறை மாற்றினாலும் தீராத புகை இது ஒன்றுதான். பிடிப்பதும் சுமப்பதும் இந்தப் புகைக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் குறையும்.

இனி வாயுவைச் சுருக்குகிற வேலை. 1869இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியல் பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து அழுத்தி ஆராய்ந்தார். 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் அழுத்தத்தில் அது நீர்மமாகிறது. அந்த வெப்பத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாவதில்லை. ‘மாறுநிலை வெப்பம்’ என்று இன்று பள்ளிப் பாடத்தில் இருப்பது இதுதான். ஆண்ட்ரூசின் அயர்லாந்துக்கு 31 டிகிரி என்பது அரிய கோடை நாள். விருதுநகர் மாவட்டத்துக்கு அது விடிந்து சில மணி நேரத்தில் வந்துவிடுகிற வெப்பம். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், சாலையில் நிற்கும் டேங்கருக்குள் இந்த வாயுவை மைனஸ் 20 டிகிரியில், இருபது மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். வெளிக்கும் உள்ளுக்கும் 60 டிகிரி வித்தியாசம். இந்த வாயுவைக் கடலடியில் புதைத்துவரும் நார்வேக்காரர்கள் எழுதிய செலவுக் கணக்கை அப்படியே இங்கே எடுத்துவைக்க முடியாததற்கு முதல் காரணம் இது. நம் வெயில் குளிர்விக்கும் செலவைக் கூட்டுகிறது. நாள் கணக்கில் நிற்கும் தொட்டியில் கொஞ்சம் வாயு ஆவியாகி வெளியேறவும் செய்யும்.

அப்படிக் குளிர்வித்துவிட்டால் கிடைக்கும் ஆதாயம் பெரிது. 560 கன மீட்டர் வாயு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் நீர்மமாக அடங்கிவிடும். அழுத்தம் மட்டும் ஐந்து மடங்கு வளிமண்டலத்துக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் நீர்மம் பனிக்கட்டியாக உறைந்து வால்வை அடைத்துவிடும். ஈரமும் கூடாது. தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு அமிலமாகி இரும்பை அரிக்கும். கரியமில வாயுக் குழாய்களுக்கு வரும் பெரிய நோய் இதுதான். காளவாசல் புகையில் தூசியும் கந்தகமும் கலந்திருப்பதால், அதைப் பிடிக்கும்போதே உலர்த்திச் சுத்தம் செய்தாக வேண்டும்.

இதெல்லாம் நம் பகுதிக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விருதுநகரில் 1916இல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் சோடா நிறுவனம் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. பவண்டோவில் பொங்குவதும் பன்னீர் சோடாவில் பொங்குவதும் இதே வாயு. சிலிண்டரில் அடைத்த கரியமில வாயு சோடா கம்பெனிகளுக்கும், வெல்டிங் பட்டறைகளுக்கும், தீயணைப்பான் நிரப்பும் கடைகளுக்கும் நாள்தோறும் நம் சாலைகளில்தான் போகிறது. சாராய ஆலைகளில் கரும்புச் சக்கைப்பாகு புளிக்கும்போது வருகிற வாயு மிகத் தூய்மையாக இருப்பதால் அதைப் பிடித்து டேங்கரில் அனுப்புவது நாட்டின் பல இடங்களில் நடக்கும் வியாபாரம். இவற்றுக்கு உரிமம் தருவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறை. சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் வழியாக இந்த மாவட்டத்துக்கு மிக நெருக்கமான துறை அது. சிவகாசியில் அதற்கு அலுவலகமே இருக்கிறது. ஆக, சிறிய அளவில் சுமக்கும் தொழில்நுட்பம், ஓட்டுநர், சட்டம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. சோடாவுக்குப் போன வாயு ஏப்பமாக வெளியே வந்துவிடுகிறது என்பதும், விலை கொடுத்து வாங்க ஆள் இருப்பதால்தான் அது பயணம் போகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டிய இரண்டு செய்திகள்.

விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை சோடா ஆஷ் செய்கிறது. உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு கரியமில வாயுவும் வேண்டும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்தா சர்மா, பிரதீக் பும்ப் என்ற இளைஞர்கள் 2009இல் தொடங்கிய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் அந்த ஆலையின் நிலக்கரி பாய்லர் புகைபோக்கியில் தங்களுடைய புதிய கரைசலைக் கொண்டு பிடிப்புக் கருவியைப் பொருத்தியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பதாகத் திட்டம். 2017 தொடக்கத்தில் இந்தச் செய்தி லண்டன் பத்திரிகைகள் வரை போயிற்று. காரணம், அரசு மானியம் இல்லாமல் நடந்தது. பூமியைக் காப்பாற்றும் எண்ணத்தில் இதைச் செய்யவில்லை, தடையில்லாமல் கரியமில வாயு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன் என்று ஆலை உரிமையாளர் அப்போது வெளிப்படையாகச் சொன்னார். டன்னுக்கு 30 டாலர் அளவில் பிடிக்க முடியும் என்று அந்த நிறுவனம் சொன்னது. அன்றைக்கு மற்ற இடங்களில் 60 முதல் 90 டாலர் வரை ஆகிக்கொண்டிருந்தது.

எனக்கு இந்த ஆலை மீது பெரிய மதிப்பு உண்டு. புகைபோக்கிக்கும் பயன்பாட்டுக்கும் இடையே லாரி இல்லை, கப்பல் இல்லை. ஒரு வளாகத்துக்குள் போகும் குழாய் மட்டும். பயணத்தை இல்லாமல் ஆக்குவதே மிக மலிவான பயணம் என்பதை அது காட்டியது. ஆனாலும் இதைச் சேமிப்பு என்று சொல்லக் கூடாது. சோடா ஆஷ் கண்ணாடி ஆலைக்குப் போய் மணலோடு உருகும்போது உள்ளே இருந்த கரியமில வாயு மறுபடி வெளியே வருகிறது. ஒரு முறை கூடுதலாகப் பயன்பட்டது என்ற அளவில் நன்மை. நிலக்கரியிலிருந்து புறப்பட்ட வாயு கடைசியில் காற்றில்தான் இருக்கிறது. செய்தித்தாள்கள் இதை ‘மாசில்லா ஆலை’ என்று புகழ்ந்தபோது இந்தப் பகுதியை விட்டுவிட்டன. மேலும் கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள காளவாசல்கள் பிடிக்கக்கூடிய அளவு வாயுவை வாங்கிக்கொள்ள இங்கே சோடா ஆஷ் ஆலையும் இல்லை, அத்தனை சோடாக் கடையும் இல்லை.

நிரந்தரமாகப் புதைக்க ஏற்ற பாறை எங்கே? கிழக்கே, கடற்கரையோரம். காவிரிப் படுகை என்று நிலவியலாளர்கள் சொல்லும் படிவுப் பாறைப் பகுதி தஞ்சை, நாகையோடு நிற்பதில்லை. தெற்கே இராமநாதபுரம் வரை நீண்டு, கடலுக்கடியிலும் போகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓஎன்ஜிசி பல ஆண்டுகளாக இயற்கை எரிவாயு எடுக்கிறது. வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த வாயுவில்தான். எரிவாயு பல லட்சம் ஆண்டுகள் கசியாமல் தங்கியிருந்த இடம் என்றால் அங்கே மணற்பாறையும் உண்டு, மூடியும் உண்டு என்று பொருள். கிருஷ்ணன்கோவிலிலிருந்து விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆனால் அங்கே எத்தனை டன் கொள்ளும், பழைய கிணறுகள் வழியே கசியுமா என்பதையெல்லாம் கிணறு தோண்டி, வாயுவைச் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் கண்காணித்துத்தான் சொல்ல முடியும். இந்தியாவில் கரியமில வாயுவைப் பெரிய அளவில் நிரந்தரமாகப் புதைக்கும் கிணறு இன்னும் ஒன்றுகூட இயங்கவில்லை. நீதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறது. டால்மியா சிமெண்ட் 2019இல் அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கப்போவதாக அறிவித்தது. அறிக்கைக்கும் அறிவிப்புக்கும் அப்பால், வாயுவை வாங்கி உள்ளே விடுகிற கிணற்றுவாய் ஒன்று தமிழ்நாட்டில் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இராமநாதபுரத்து வாயுவைத் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகும் குழாய் அது. அதே தடத்தில் எதிர்த்திசையில் ஒரு கரியமில வாயுக் குழாய் போட்டால் என்ன என்று பொறியாளர்களுக்குத் தோன்றுவது இயற்கை. தூத்துக்குடியின் அனல்மின், உரம், ரசாயன ஆலைகள் எல்லாம் சேர்ந்தால் அந்தக் குழாய்க்கு வேண்டிய அளவு வாயு இருக்கிறது. குழாய்க்கு அளவுதான் உயிர். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் ஐந்து மடங்குக்கு மேல் வாயு போகும், செலவு அந்த அளவுக்கு ஏறாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்றால் குழாய் மலிவு. ஆண்டுக்கு ஐயாயிரம் டன் காளவாசலுக்குக் குழாய் என்பது கட்டுப்படியாகாது.

செலவுக்கு மேல் நிலம் என்ற விஷயம் இருக்கிறது. கொங்கு மண்டலத்துக்கு அது நன்றாகத் தெரியும். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாய் ஏழு மேற்கு மாவட்டங்களின் வயல்கள் வழியே சுமார் 310 கிலோமீட்டர் போவதாக இருந்தது. 2013இல் விவசாயிகள் எதிர்த்தார்கள். வயல்களை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. குழாய் போகும் நிலத்தில் உரிமையாளருக்குப் பட்டா இருக்கும். மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நிர்ணயித்த ஈடு நிலச் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வத்திராயிருப்பு விவசாயியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஐந்து மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் 57 எத்தனால் ஆலைகளின் வாயுவைச் சேர்த்து 4,000 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோக சம்மிட் என்ற நிறுவனம் முனைந்தது. சிறிய ஆலைகளை ஒன்றுசேர்க்கும் முயற்சியில் உலகிலேயே பெரியது அதுதான். சோள விவசாயிகள் எதிர்த்தார்கள். தெற்கு டகோட்டா மாநிலம் 2025 மார்ச்சில் கரியமில வாயுக் குழாய்க்காகத் தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2020 பிப்ரவரி 22 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் சடார்ட்டியா என்ற சிற்றூருக்கு அருகே, மழையில் மண் சரிந்து 24 அங்குலக் கரியமில வாயுக் குழாய் உடைந்தது. வாயு தரையோடு படர்ந்து ஊருக்குள் இறங்கியது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் கிடைக்காமல் கார் இன்ஜின்கள் வழியிலேயே அணைந்தன. தப்பிக்க வண்டி எடுத்தவர்கள் வண்டியிலேயே மயங்கினார்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; பள்ளம் தேடிப் போகும். நம் ஊரில் பாழுங்கிணற்றைத் தூர்வார இறங்குவதற்கு முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் இதை அறிந்ததால் வந்தது. விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவைக் கொண்டுபோகும் குழாய் எது, உடைந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் ஒரு மீட்டர் குழாய்கூடப் புதைக்கக் கூடாது.

ஆகவே சிறிய சூளைகளுக்கு நான் பரிந்துரைப்பது லாரியும் ரயிலும். கூச்சப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் ‘டீசல் எரித்து கரியைச் சுமப்பதா’ என்று உடனே கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு டேங்கர் 20 டன் கொள்ளும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வழியாக, குழாயோ கப்பலோ புறப்படக்கூடிய தூத்துக்குடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போய்வர 260. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் 65 லிட்டர் டீசல், அதிலிருந்து 175 கிலோ கரியமில வாயு. 20 டன்னில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வாயுவைக் குளிர்வித்து நீர்மமாக்க டன்னுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம் ஆகும்; இன்றைய இந்திய மின்தொகுப்பில் அதற்கு 70 கிலோ வாயு. 20 டன்னுக்கு 1.4 டன். லாரியைவிட எட்டு மடங்கு. அமீன் கரைசலைச் சூடாக்க டன்னுக்கு ஒன்றரை டன் நீராவி வேண்டும். அதை நிலக்கரி பாய்லரில் உண்டாக்கினால் பிடித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறுபடி வெளியே போய்விடும். பழி லாரி மேல் விழுகிறது, பாரம் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு அதற்கும் விடை உண்டு. மின்சாரம் பகலில் வெயிலிலிருந்து வரட்டும். அருப்புக்கோட்டைக்கு அப்பால் கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. குளிர்விக்கும் இயந்திரம் பகலில் மட்டும் ஓடினால் போதும். நீர்மம் தொட்டியில் காத்திருக்கும். கரைசலைச் சூடாக்கும் செலவுக்கு, கரைசலே இல்லாத சூளை ஒரு வழி. பெல்ஜியத்தின் லிக்ஸே சிமெண்ட் ஆலையில் 2019இல் கட்டிய லைலாக் என்ற சோதனைச் சூளையில் கல்லும் நெருப்பும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. உயரமான உலோகக் குழாயை வெளியிலிருந்து சுடுகிறார்கள், உள்ளே கல்தூள் விழுந்துகொண்டே வேகிறது. கல்லிலிருந்து வருவது எரிபொருள் புகையோடு கலக்காமல், கிட்டத்தட்டத் தூய வாயுவாக மேலே வந்துவிடுகிறது. சுண்ணாம்புக் காளவாசல்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் ஆராய்ச்சி செய்ய விரும்பினால் விருதுநகர்க் கல்லை வைத்து, நாளைக்கு ஐந்து டன் அளவில் இதைக் கட்டிப் பார்க்கலாம்.

லாரியில் போவது கற்பனையும் அல்ல. டென்மார்க்கில் வைக்கோலை எரிக்கும் அவடோரே மின்நிலையத்தின் வாயுவை, குழாய் வரும்வரை, லாரியில் கலுண்ட்போர்க் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். ஆஸ்லோ நகரின் குப்பை எரிக்கும் ஆலையும் மின்சார லாரிகளில் துறைமுகத்துக்கு அனுப்பவே திட்டமிட்டது. அங்கிருந்து கப்பல். நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் 7,500 கன மீட்டர் கொள்ளளவுள்ள கப்பல்களில் வாயுவை ஓய்கார்டனில் இறக்கி, சுமார் 100 கிலோமீட்டர் கடலடிக் குழாய் வழியாக 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறது. 2025 ஆகஸ்டில் முதல் சுமை உள்ளே போயிற்று. அது நார்வேயிலேயே உள்ள பிரெவிக் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் இன்னும் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். பெர்ன் நகரின் கழிவுநீர் நிலையத்தில் உயிரி எரிவாயுவோடு வரும் கரியமில வாயுவைச் சரக்குக் கொள்கலன் வடிவத் தொட்டியில் நிரப்பி, ரயிலில் ராட்டர்டாமுக்கும், கப்பலில் ஐஸ்லாந்துக்கும் 2022இல் அனுப்பினார்கள். அந்தத் தொட்டியைத்தான் நான் நமக்குச் சரி என்று நினைக்கிறேன். லாரியிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து கப்பலுக்கும் வாயுவை மாற்றி ஊற்ற வேண்டியதில்லை. பெட்டியோடு தூக்கி வைத்தால் போதும். மாற்றி ஊற்றும் இடங்களில்தான் கசிவும் விபத்தும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொள்கலன் பழக்கமானது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வழியாக விருதுநகர் வரை ரயில் பாதை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் என்றால் 5,000 நடை, நாளைக்கு 14 பெட்டி. ஒரு சிறிய சரக்கு ரயிலுக்குள் அடங்கும். பத்து லட்சம் டன் வந்தால் நாளைக்கு 140 பெட்டி. அப்போது குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. ஒரு காளவாசல்காரர், “ஏன் அண்ணாச்சி, பிடிச்சுத் தந்தா எனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டால் இன்றைக்கு அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர் கறக்கும் பால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா ஆவதற்குள் ஊர்ச் சங்கம், குளிரூட்டும் நிலையம், டேங்கர் எல்லாவற்றையும் கடந்து போகிறது. ஒவ்வொரு படியிலும் பாலுக்கு விலை இருப்பதால் அந்தச் சங்கிலி அறுவதில்லை. கரியமில வாயுவுக்கும் அதே சங்கிலிதான் வேண்டும், ஆனால் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை செலவு மட்டுமே இருக்கிறது. நார்வேயில் பிரெவிக்கையும் நார்தர்ன் லைட்ஸையும் உள்ளடக்கிய திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்றுக்கொண்டது. எண்ணெய்ப் பணத்தில் செழித்த நாடு, தந்தது. இங்கே மத்திய அரசு 2023இல் அறிவித்த கரிம வரவு வணிகத் திட்டம் பெரிய ஆலைகளைக் குறிவைத்தது. நாளைக்கு 30 டன் சுடும் காளவாசல் அதன் வாசலுக்கே போக முடியாது.

என் கருத்து இதுதான். சிறியவர்களிடம் பிடிப்புக் கோபுரம் கட்டச் சொல்லக் கூடாது. சேகரிக்கும் முற்றம், குளிர்விக்கும் இயந்திரம், தொட்டிப் பெட்டிகள் ஆகியவை சிட்கோ தொழிற்பேட்டையில் சாலையும் மின்சாரமும் பொதுவாக இருப்பதுபோலப் பொதுச் சொத்தாக வேண்டும். சூளைக்காரர் வாயுவைக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் வர வேண்டும். அந்தப் பணம் சிமெண்ட் வாங்கும் பெரிய கட்டுமானங்களிலிருந்து, குறிப்பாக அரசுப் பணிகளிலிருந்து, வர வேண்டும். நான்குவழிச் சாலைக்கும் பாலத்துக்கும் சிமெண்ட் வாங்கும் அரசு மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு முற்றம் கட்டிவிடலாம். ஆலங்குளம் சிமெண்ட் ஆலை அரசுக்கே சொந்தம். தொடங்க வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இராமநாதபுரத்தையும் கேட்க வேண்டும். அந்த மாவட்டத்தில் ஓஎன்ஜிசி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது 2025இல் தெரியவந்தபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. மாநில அரசே அதைத் திரும்பப் பெறச் சொன்னது. மன்னார் வளைகுடாத் தீவுகள் பல அந்தக் கரையை ஒட்டி இருக்கின்றன, மீனவர்களும் இருக்கிறார்கள். வாயு எடுக்க வந்தவர்கள் இப்போது வேறு வாயுவை நிரப்ப வருகிறார்கள் என்றுதான் அங்கே முதலில் பேசுவார்கள். விருதுநகர் மாவட்டத்தின் புகையை ஏன் இராமநாதபுரத்து மண் ஏற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு சோதனைக் கிணறாவது வேண்டும். அதில் செலுத்தும் ஒவ்வொரு டன்னின் கணக்கும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

800 மீட்டருக்குக் கீழே போன வாயு அங்கேயே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வட கடலில் 1996 முதல் ஸ்லைப்னர் களத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்தக் கிணற்றுக்குள் இறங்குவோம்.